கிடாரி கொடுத்து வாங்கிய கார்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு வேண்டாம். ரோட்டில் கார் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெள்ளைக் காராக இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக எரியும்.

அந்தப் பையைக் காலில் தட்டிவிடாதீர்கள். உள்ளே புளிசாதம். நானே கிண்டியது. தாராபுரத்தில் சம்பந்தி வீட்டில் பேத்திக்குக் காது குத்துகிறார்கள். பந்தியில் ஊரெல்லாம் இலை போட்டுச் சாப்பிடும்போது நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து இந்த டப்பாவைத் திறந்து சாப்பிடப் போகிறேன். என்ன சிரிக்கிறீர்கள்? அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒன்பது மாதமாக வைராக்கியம். ‘தப்பு என்னுதுதான்’ என்று சம்பந்தி தன் வாயால் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டுப் பருக்கை ஒன்று என் தொண்டையில் இறங்காது.

மகள் நேற்றுப் போன் செய்தாள். “ஏனுங்கப்பா, நாளைக்குப் பந்தியில உக்காந்து ஒரு வாய் சாப்புட்டுப் போடுங்க. போன தடவை நீங்க சாப்புடாமப் போனதையே இந்தச் சொந்தக்காரங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்கறாங்க. இன்னொருக்கா அப்படிப் பண்ணுனா நான் இந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நடக்கறது?” என்றாள். நான் என்ன சொன்னேன்? “உம் மாமனாரை எங் கிடாரியைத் திருப்பிக் கட்டச் சொல்லு கண்ணு, சாப்பிடறேன்” என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கிடாரி எங்கே வந்தது என்கிறீர்களா? வரும், வரும். தாராபுரம் டிக்கெட்தானே எடுத்தீர்கள்? அப்படியானால் நேரம் இருக்கிறது.

என் பெயர் குழந்தையப்பன். காங்கயத்தில் எண்ணெய் மில். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே அது எந்தக் காட்டுக் கடலை என்று சொல்லிவிடுவேன். மூக்கில் வைத்தால் எந்த மாதம் ஆட்டியது என்பதும் தெரிந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சம்பந்தி பெயர் தெய்வசிகாமணி. யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். எதற்கெடுத்தாலும் நோட்டு. பல் தேய்த்தால்கூட எழுதி வைப்பார் என்று நினைக்கிறேன். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் புதுக் கார் வாங்கினார். பழைய வெள்ளைக் காரை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, “சம்பந்தி, இது உங்க வீட்டுல இருக்கட்டும். பேத்தி பேரன்னு வந்தா வந்து போறதுக்கு வேணுமில்ல” என்றார்.

சும்மா. ஒரு பைசா வேண்டாம் என்றார்.

எப்படி இருக்கும் எனக்கு? பெண்ணைக் கொடுத்தவன் நான். நான் கொடுக்கலாம், வாங்கலாமா? நேரே கொட்டகைக்குப் போனேன். என்னிடம் ஒரு காங்கயம் கிடாரி நின்றது, இன்னும் கன்று போடாத இளம் பசு. மயிலை நிறம். கண் இரண்டும் மை தீட்டியது மாதிரி இருக்கும். அவிழ்த்துக்கொண்டுவந்து அவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டேன். “எனக்கு மாடு வளத்தத் தெரியாதுங்களே சம்பந்தி” என்றார். நான் சொல்லிக் கொடுத்தேன். தீவனத்தைத் திடீரென்று மாற்றக்கூடாது, காலையில் கடலைப் பிண்ணாக்கு இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு, மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அங்கேயே நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நடுவில் அவரும் காரைப் பற்றி ஏதோ சொன்னார். ‘ஆயில் மட்டும் பாத்து மாத்தீருங்க சம்பந்தி’ என்றோ என்னவோ. நான் பிண்ணாக்கில் இருந்தேன். போகும்போது ஒரு சின்ன நோட்டை என் கையில் திணித்தார். “வண்டி விவரம் பூரா இதுல இருக்குதுங்க” என்றார். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு நோட்டு! அதை அப்படியே மடியில் செருகிக்கொண்டேன். அன்றே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

டப்பாவைத் திறக்கட்டுமா? வாசம் வருகிறது பாருங்கள். ஒரு கை எடுத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை, எனக்குப் போதும், நிறையத்தான் கிண்டினேன். எப்படி? எண்ணெய் நம்ம மில் எண்ணெய். கையில் ஒட்டுகிறதா? ஒட்டாது.

இரண்டு வருஷம் ஓட்டினேன், தம்பி. குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை. கேளுங்கள். ஆறு மாதம் ஆனதும் ஆயிலைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. பக்கத்து அரிசி மில்காரர், “மாத்தீருங்க, கீழ ஊத்தீட்டுப் புதுசு ஊத்தோணும்” என்றார். கீழே ஊற்றுவதா? எண்ணெயையா? எங்கள் அப்பன் ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தால் விரலால் வழித்துத் தலையில் தேய்த்துக்கொள்வார். எண்ணெய் என்ன பாலா, கெட்டுப்போக? அதில் மண்டி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதானே? மண்டி சேர்ந்தால் மில்லில் என்ன செய்கிறோம்?

அதையேதான் செய்தேன். கார் அடியில் படுத்து, திருகைக் கழற்றி, அவ்வளவு ஆயிலையும் ஒரு குண்டானில் பிடித்தேன். மூன்று நாள் அசையாமல் வைத்தேன், மண்டி அடியில் தங்கட்டும் என்று. அப்புறம் நல்ல வெள்ளைத் துணியை நாலாக மடித்து நிதானமாக வடிகட்டினேன். என் கல்யாண வேட்டி, தம்பி! வேறு துணி போடுவேனா அதற்கு? வடிகட்டியதைத் திரும்ப ஊற்றினேன். கொஞ்சம் குறைந்தது. அதற்கு ஒரு டம்ளர் நம் மில் நல்லெண்ணெய். இரண்டு வருஷத்தில் இப்படி மூன்று தடவை. புது ஆயில் ஒரு சொட்டு உள்ளே விட்டதில்லை. யார் செய்வார் இவ்வளவு பாடு? சொந்தக் காருக்கே செய்யமாட்டார்கள்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? புரையேறிவிட்டதா? தண்ணீர் குடியுங்கள்.

போன மார்கழியில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. காலையில் சாவி போட்டதும் இஞ்சினுக்குள் கடகடகடவென்று கேட்கும். பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். போகப்போகப் பத்து எண்ணிக்கை முப்பது ஆனது. பொங்கலுக்கு வந்த சம்பந்தி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஆயில் எப்பங்க மாத்துனீங்க?” என்றார். “சம்பந்தி, மூணு தலைமுறையா எண்ணெய்லயே பொறந்து எண்ணெய்லயே கெடக்கறவன் நானு. எனக்கு எண்ணெயா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். அப்படிச் சிரித்த மனிதர் உள்ளுக்குள் என்ன நினைத்திருக்கிறார் பாருங்கள்.

சத்தத்துக்கு நான் வைத்தியம் பார்க்காமல் விடவில்லை. வயிறு கடமுடா என்றால் மனிதனுக்கு என்ன கொடுக்கிறோம்? விளக்கெண்ணெய். கால் லிட்டர் ஊற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நாள் சத்தமே இல்லை! மூன்றாம் நாள் திரும்ப வந்தது. நாள்பட்ட வியாதி என்று தெரிந்துகொண்டேன். அதாவது அவர் கொடுக்கும்போதே இருந்த வியாதி.

அதோ, ஊதியூர் மலை தெரிகிறது. இப்போது வலது பக்கம் பாருங்கள். ஒரு புளியமரம் வரும். இதில்லை, அடுத்தது. இதுதான், இதுதான்! பார்த்தீர்களா? இங்கேதான் என் மானம் போனது.

பேத்திக்குப் பேர் வைக்கிற விசேஷம் சம்பந்தி வீட்டில். தொட்டில் கொண்டுபோவது எங்கள் முறை. கருங்காலியில் கடைந்த தொட்டில், காருக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் என் சம்சாரம் சாமியாத்தாள், மடியில் பலகாரத் தட்டு. சரியாக அந்த மரத்துக்கிட்டே வரும்போது இஞ்சினுக்குள் யாரோ பாத்திரக் கடையைத் தூக்கிக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் வீய்யென்று சும்மா சுற்றுகிறது. பிடிப்பே இல்லை, பல் போன கிழவன் முறுக்கு மெல்லுகிற மாதிரி.

“எறங்குங்க, நல்ல நேரம் போகுது” என்றாள் சாமியாத்தாள். அந்த வழியே தேங்காய் நார் ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். அவள் ஏறிக்கொண்டாள். நான் மேலே, நார் மூட்டைகளின் மேல், தொட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. தாராபுரம் வரைக்கும் காற்று. நார் பறந்து வந்து என் மீசையில், தலையில், காதில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. சம்பந்தி வீட்டு வாசலில் மேளக்காரர்கள் டெம்போவைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னக் குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து அழுதது. நாற்பது பேர் நிற்கிறார்கள், தம்பி. நாற்பது பேர்.

சம்பந்தி ஓடிவந்தார். தொட்டிலை வாங்கி இறக்கினார். கையைப் பிடித்து என்னையும் இறக்கினார். கார் நின்றுபோனதைச் சொன்னேன். அந்த மனிதர் அப்போது என்ன கேட்டிருக்க வேண்டும்? ‘அடி ஏதாச்சும் பட்டுதுங்களா?’ என்று கேட்டிருக்கலாம். ‘தண்ணி குடிக்கறீங்களா?’ என்று கேட்டிருக்கலாம். என்ன கேட்டார் தெரியுமா? என் மீசையிலிருந்து ஒரு நாரை எடுத்துக்கொண்டே, எல்லோர் முன்னாடியும், “ஏனுங்க சம்பந்தி, ஆயில் மாத்துனீங்களா?” என்று கேட்டார்.

எண்ணெய் மில்காரனைப் பார்த்து!

நாற்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார், யாரென்று தெரியும், அவரையும் மறக்கவில்லை. தொட்டிலில் பேத்தியைப் போட்டு மூன்று தடவை ஆட்டினேன். அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாமியாத்தாள் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்காலம் சம்பந்தியின் புதுக் காரில் வந்து இறங்கினாள். “அவரு நல்லதுக்குத்தான கேட்டாரு?” என்கிறாள். ரோஷம் என்பது எல்லோருக்கும் இருக்காது. இந்தத் தடவையும் மகனைக் கூட்டிக்கொண்டு முந்தாநாளே போய்விட்டாள். அவன் தாய்மாமன், அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், சரி. இவளுக்கு என்ன அவசரம்?

இன்னும் ஒரு கை எடுங்கள். நானும் எடுத்துக்கொள்கிறேன். பேசினால் பசிக்கிறது.

காரைக் கட்டி இழுத்து வந்து காங்கயத்தில் ஜாபர் என்ற மெக்கானிக்கிடம் விட்டோம். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். கையில் ஒரு செயின், அறுந்து தொங்குகிறது. “என்னப்பா இது?” என்றேன். “டைமிங் செயினுங்கய்யா. இது அறுந்து, வால்வு பூரா பிஸ்டன்ல அடிச்சு வளஞ்சு போச்சு” என்றான். காருக்குள் செயின் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சைக்கிளுக்குச் செயின் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் விடலாம். இதை இஞ்சினுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சம்பந்தி சொன்னாரா? மூச்சு விடவில்லை.

அப்புறம் ஜாபர் கேட்டான்: “ஐயா, ஆயில் எப்ப மாத்துனீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தை! “நான் எதுக்கு மாத்தோணும்? வடிகட்டுனேன்” என்றேன். எப்படி என்று கேட்டான். குண்டான், மூன்று நாள், நாலு மடிப்பு வேட்டி, நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் சொன்னேன். அவன் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு உள்ளே வேலை செய்கிற ஆட்களைக் கூப்பிட்டு, “ஐயா, இவங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்க” என்றான். சொன்னேன். ஒருவன் லாரிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவு உருகிவிட்டான். வண்டியை இப்படிப் பார்த்துக்கொண்ட ஆளை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் கடைசியில் ஜாபரும் “ஆயிலாலதானுங்கய்யா செயின் போச்சு” என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சம்பந்தியும் அதையே சொல்கிறார், இவனும் அதையே சொல்கிறான். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையாம். பார்க்காமல் கொள்ளாமல் இரண்டு பேர் எப்படி ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன? நீங்களும் ஆயிலால்தான் என்கிறீர்களா?

தம்பி, உங்களுக்குத் தாராபுரத்தில் எந்தத் தெரு? சம்பந்திக்குச் சொந்தமா? இல்லையா? நிஜமாகவா?

சரி, நம்புகிறேன். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. அதுவும் என் புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு.

நான் கேட்பது ஒன்றுதான். கிடாரி அங்கே போய்ச் சினையாகிக் கன்று போட்டுவிட்டது. வேளைக்கு மூன்று லிட்டர் கறக்கிறதாம். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே பிண்ணாக்கு வைத்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறார். சொன்னபடி கேட்டால் நன்றாக இருக்காமல் என்ன? நான் கொடுத்தது கன்று போட்டது. அவர் கொடுத்தது என்ன போட்டது? நடுரோட்டில் என்னைப் போட்டது.

இன்றைக்கு எல்லோர் முன்னாடியும் கேட்கப் போகிறேன். அத்தாட்சியும் கையில் இருக்கிறது. அவர் கொடுத்தாரே நோட்டு, அதேதான். இந்தாருங்கள், மஞ்சள் பைக்குள் இருக்கிறது. என் கண்ணுக்கு அவர் எழுத்துப் பிடிபடவில்லை. மகனிடம் கொடுத்தால் சிரிக்கிறான். நீங்கள் வாசியுங்கள். செயினைப் பற்றி ஏதாவது மறைத்து எழுதியிருப்பார். எங்கே? முதல் பக்கத்திலேயேவா? சிவப்பு மையிலா? சத்தமாகப் படியுங்கள், பஸ் இரைச்சல்.

‘பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலைக் கட்டாயம் மாற்றவும். மாற்றாவிட்டால் டைமிங் செயின் தேய்ந்து அறுந்துவிடும்.’

அப்படியா போட்டிருக்கிறது? இன்னொரு தடவை வாசியுங்கள்.

ம்.

பார்த்தீர்களா! செயின் அறுந்துவிடும் என்று அந்த மனிதருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! தெரிந்தே கொடுத்திருக்கிறார்! அறுந்துவிடும் என்று கைப்பட எழுதி, அடிக்கோடு வேறு போட்டு… வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? சொன்னார்தான். நான் பிண்ணாக்கு அளவு சொல்லிக் கொடுத்த அன்றைக்குச் சொன்னார். பொங்கலுக்கும் கேட்டார். அது வேறு. அதெல்லாம் பேச்சுவாக்கில் சொன்னது.

அடியில் என்ன எழுதியிருக்கிறது? இன்னொரு வரி தெரிகிறதே.

‘சம்பந்திக்கு எண்ணெய் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அவர் பார்த்துக்கொள்வார்.’

…கொஞ்சம் கொடுங்கள் அந்த நோட்டை. உள்ளேயே வைத்துவிடுகிறேன். அதை எல்லோர் முன்னாடியும் எடுக்க வேண்டாம். சின்ன எழுத்து, யாருக்கும் தெரியாது.

புளிசாதம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன? காலியா? டப்பாவைச் சாய்த்துக் காட்டுங்கள். அடப்பாவமே. ஒரு கருவேப்பிலை இருக்கிறது. இவ்வளவு பெரிய டப்பா எங்கே போனது? நான் ஏதோ இரண்டு கை எடுத்தேன். இப்போது பந்தியில் நான் என்ன செய்வது? மகள் வேறு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் நின்றால் பேத்தியும் இடுப்பில் இருக்கும். காது குத்தின வலியில் அழுதுகொண்டு இருக்கும்.

இருங்கள், இருங்கள். யோசித்துப் பார்த்தால்… முந்தாநாள் சாமியாத்தாளிடம் இரண்டு டின் கடலை எண்ணெய் கொடுத்துவிட்டேன், விசேஷத்துக்கென்று. அப்படியானால் வடை என்னுடையது. அப்பளம் என்னுடையது. தாளித்ததெல்லாம் என்னுடையது. பாயசம்? பால் என் கிடாரிப் பால். தயிர், மோர், நெய் எல்லாம் அதுதான். அங்கே அவருடையது என்று என்ன இருக்கிறது? அரிசி. அரிசியை மட்டும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டால்தானே அவர் வீட்டில் சாப்பிட்டதாக ஆகும்? பிசைந்து சாப்பிட்டால் என் பொருளோடுதான் சேரும். வைராக்கியத்துக்கு ஒன்றும் பங்கமில்லை. இல்லையா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். தலையை ஆட்டுங்கள். அது போதும்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அந்தப் பையை எடுங்கள். அதோ, குடை பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார் பாருங்கள், சிவப்புக் காருக்குப் பக்கத்தில். அவர்தான். நான் இந்தப் பஸ்ஸில் வருவேன் என்று யார் சொன்னது? முதல் பஸ்ஸிலிருந்தே நிற்கிறார் போலிருக்கிறது, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து கிடக்கிறது.

பக்கத்தில் போனதும் என்ன கேட்பார் தெரியுமா? வழக்கமாகக் கேட்பதுதான். “வாங்க சம்பந்தி, சாப்புட்டீங்களா?” என்று கேட்பார்.

‘இல்லீங்க சம்பந்தி, பசியோட வந்திருக்கறேன்’ என்று சொல்லப் போகிறேன். நீங்களும் என் கூடத்தானே இறங்குகிறீர்கள்? அந்தச் சமயத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, தம்பி. மீசையில் ஒட்டியிருக்கிற கடலைப் பருப்பையும் துடைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இருக்கிறதா பாருங்கள்.